கோட்டுப் போட்டவன் விடுகிற பீலா

பெரம்பூரில் ஒரு மாடி அறையில் ஐந்து பேர் பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘அமெரிக்கன் சைக்கோ’ நாவலைப் படித்து முடித்தார்கள். இருந்தது ஒரே பிரதி. அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து வந்தது. முதுகு வெடித்து, நடுவில் இரண்டு தாள் கழன்று, அட்டையில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டத்தோடு இருந்தது. கைமாறிக் கைமாறி எல்லோரும் முடிக்க மூன்று மாதம் ஆனது. பேச உட்கார்ந்த பத்தாவது நிமிடமே அறை பிளந்துகொண்டது. ஒருவருக்கு அது குப்பை. ஒருவருக்கு அது இந்த அரை நூற்றாண்டின் பெரிய அங்கதம். கல்லூரி மாணவர் ஒருவருக்கு அதன் நாயகன் ‘செம கெத்து’. ஒரு பெண் நடுவில் சில பக்கங்களைத் தாண்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன் என்றார். ஐந்தாமவர் வண்ணாரப்பேட்டையில் லாண்டரி வைத்திருப்பவர். அவர் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை.

சண்டை எங்கே தொடங்கியதோ அங்கேதான் உலகம் முழுக்கத் தொடங்குகிறது: கதையைத் தானே சொல்லும் நாயகன் பேட்ரிக் பேட்மேன், நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பணக்கார இளைஞன், தான் செய்ததாகச் சொல்லும் கொலைகளைச் செய்தானா, இல்லை எல்லாம் அவன் மண்டைக்குள் ஓடும் படமா? மாணவர் இதை நம்ம ஊர் வார்த்தையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “அவன் பீலா வுடுறாம்பா.” நம்பத்தகாத கதைசொல்லி என்று விமர்சனக் கட்டுரைகள் நீட்டி முழக்குவதை மெட்ராஸ் பாஷை இரண்டே எழுத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையில் ஒரு கிடுக்குப்பிடி உண்டு. பீலா விடுகிறவன் சொல்வதில் எது பீலா, எது நிஜம் என்பதைக் கேட்கிறவன்தான் பிரிக்க வேண்டும். அதை எந்த அளவுகோலால் பிரிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாவலைப் படித்தவர்களுக்காக எழுதுகிறேன். கதைச் சுருக்கம் தரப்போவதில்லை.

சலிப்பு எதற்கு

குப்பை என்று சொன்னவர் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு பார்ப்பவர். அவருடைய முதல் குற்றச்சாட்டு ரத்தம் அல்ல, சலிப்பு. யார் வந்தாலும் கோட்டு யாருடையது, டை யாருடையது, பெல்ட் யாருடையது, ஷூ யாருடையது. எந்த ஹோட்டல், என்ன சாப்பாடு. காலையில் முகத்துக்கு என்னென்ன பூச்சு. “துணிக்கடை நோட்டீஸ படிக்க நானூறு பக்கம் வேணுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாதிப் பேர் கைவிடுவது அந்த முதல் அறுபது, எழுபது பக்கத்தில்தான்.

அந்தச் சலிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் கண்ணெதிரே பெரிய வன்முறை எதுவும் நடப்பதில்லை. அதற்குள் வாசகரின் கண் ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறது: பிராண்டுப் பட்டியல் வந்தால் வழுக்கிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போவது. பிறகு ஒரு தெருவில், பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கும் ஆல் என்ற வீடற்ற மனிதனின் கண்ணில் கத்தி இறங்குகிறது. அதே குரல், அதே நிகழ்காலம், அதே வாக்கிய நீளம். கோட்டை விவரித்த வாயே கத்தியையும் விவரிக்கிறது. வழுக்கிப் பழகிய கண் அதிலும் பாதி தூரம் வழுக்கிவிட்டு, திடுக்கிட்டுத் திரும்பி வருகிறது. நாவலின் இயந்திரம் இதுதான். சில கொலைகளை ஒட்டியே ஜெனிசிஸ், விட்னி ஹூஸ்டன், ஹூயி லூயிஸ் என்ற பாப் இசைக்காரர்களைப் பற்றி விளம்பரக் காகித நடையில் மூன்று முழு அத்தியாயங்கள் வருவதும் இதே காரணத்துக்குத்தான். முதல் நூறு பக்கத்தைத் தாண்டிப் போய் நேரே ‘விஷயத்துக்கு’ வருகிறவருக்கு மிஞ்சுவது வெறும் ரத்தம். அப்படிப் படித்தால் குப்பை என்ற தீர்ப்பு சரிதான்.

மாணவர் வந்த வழி வேறு. அவர் பேட்மேனை முதலில் பார்த்தது ரீல்ஸில்: கண்ணாடி முன் உடற்பயிற்சி, விசிட்டிங் கார்டு, பின்னணியில் பாட்டு. கார்டுக் காட்சியில் அந்த ஆள் தன் கார்டைவிட நண்பனின் கார்டு அழகாக இருப்பதைப் பார்த்து வெந்து போகிறான் என்பது ரீல்ஸில் தெரிவதில்லை. கெத்தாகத் தெரிகிறவனை நாவலில் ஒருவரும் மதிப்பதில்லை, பெயர்கூடச் சரியாகச் சொல்வதில்லை என்று படித்தபோது மாணவருக்கு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை நல்ல வாசிப்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பிளவு புத்தகம் வெளிவருவதற்கு முன்பே தொடங்கியது. 1990 நவம்பரில் சைமன் அண்டு ஷூஸ்டர் நிறுவனம் கடைசி நேரத்தில் கைகழுவியது. டெல்லியில் பிறந்த பதிப்பாளர் சன்னி மேத்தா எடுத்துக்கொள்ள, 1991-இல் வின்டேஜ் மெல்லட்டைப் பதிப்பாக வந்தது. அமெரிக்கப் பெண்கள் அமைப்பின் லாஸ் ஏஞ்சலஸ் கிளை புறக்கணிப்புக்கு அழைத்தது. ஆஸ்திரேலியாவில் பிளாஸ்டிக் உறை போட்டு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் விற்றார்கள். பிரெட் ஈஸ்டன் எல்லிஸுக்கு அப்போது வயது 27, கிட்டத்தட்ட அவருடைய நாயகனின் வயது. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம். நாவல் படமாக வந்த அதே 2000-இல் அவர் மணந்துகொண்டது பேட்மேனாக நடித்த கிறிஸ்டியன் பேலின் அப்பாவை. இதை எந்த அங்கதக்காரனும் எழுதத் துணிய மாட்டான்.

சாட்சி யார்?

எல்லாம் கற்பனை என்று சொல்பவர்கள் கையில் இரண்டு பெரிய ஆதாரங்கள். ஒன்று, வக்கீல் ஹெரால்டு கார்ன்ஸ். பால் ஓவன் என்ற சக பணக்காரனைக் கோடாலியால் கொன்றதாக பேட்மேன் அவருடைய போனில் வாக்குமூலம் பதிகிறான். வக்கீல் அதை ஜோக் என்கிறார். பத்து நாளைக்கு முன் லண்டனில் ஓவனோடு சாப்பிட்டேனே என்கிறார். இரண்டு, ஓவனின் ஃப்ளாட். உள்ளே பிணங்களை விட்டுவிட்டு வந்ததாக பேட்மேன் சொல்கிறான். திரும்பப் போனால் இடம் பளிச்சென்று இருக்கிறது, ரியல் எஸ்டேட் பெண்மணி ஒருவர் அதை விற்றுக்கொண்டிருக்கிறார்.

இவை இரண்டையும் சற்றுத் திருகிப் பார்க்க வேண்டும். அந்த வக்கீல் எதிரே நிற்கும் பேட்மேனையே அடையாளம் தெரியாமல் வேறு பெயரில் கூப்பிடுகிறார். எதிரில் நிற்பவனைத் தெரியாதவர் லண்டனில் சாப்பிட்டது ஓவனோடுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஓவனை லண்டனில் பார்த்ததாகச் சொன்ன இன்னொருவர் உண்மையில் வேறொருவரைப் பார்த்து ஏமாந்தார் என்று, ஓவன் காணாமல் போனதை விசாரிக்கும் துப்பறிவாளர் முன்பே சொல்லிவிடுகிறார். ஃப்ளாட்டில் பூ வாசனை மூக்கைத் துளைக்கிறது. ரியல் எஸ்டேட் பெண்மணி பேட்மேனிடம், டைம்ஸில் விளம்பரம் பார்த்து வந்தீர்களா என்று கேட்கிறார். ஆமாம் என்கிறான். டைம்ஸில் விளம்பரமே கொடுக்கவில்லை என்கிறார். பிறகு, பிரச்சினை பண்ணாதீர்கள், போய்விடுங்கள், திரும்பி வராதீர்கள் என்கிறார். அந்த விலை போகும் வீட்டில் கொலை நடந்தது தெரிந்தால் விலை என்ன ஆகும் என்பதைப் புரோக்கர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ராயபுரத்தில் தூக்கு மாட்டிக்கொண்ட வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் வாடகைக்குக்கூட ஆள் வராது.

ஆக, ‘நடக்கவில்லை’ என்பதற்கான இரண்டு சாட்சிகளில் ஒருவருக்கு முகம் தெரியாது. இன்னொருவருக்கு உண்மை வெளியே வந்தால் நஷ்டம். இப்போது எதிர்ப் பக்கத்துச் சாட்சிகளை எடுத்துக்கொள்வோம். இவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

டாக்ஸி ஓட்டும் ஒருவர் பேட்மேனைக் கண்ணாடியில் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார். தன் சக ஓட்டுநரைக் கொன்றவன் இவன்தான் என்கிறார், சுவரொட்டியில் முகம் பார்த்திருக்கிறேன் என்கிறார். வண்டியை ஒதுக்கி, வாட்சையும் பணத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிடுகிறார். நானூறு பக்கத்தில் அவன் செய்த ஒன்றுக்காக அவனுக்குக் கிடைக்கும் தண்டனை இது ஒன்றுதான். அடுத்து அந்த ஆல். ஒரு வருடம் போல் கழித்து அதே மனிதனை பேட்மேன் தெருவில் பார்க்கிறான்: கண் தெரியாமல், வியட்நாம் போரில் பார்வை போனதாக அட்டை மாட்டிக்கொண்டு. குனிந்து அவன் காதில், நீ வியட்நாமுக்குப் போகவே இல்லை என்கிறான். தன் கண் எப்படிப் போனது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் நம்பும்படியான பொய்யை எழுதி மாட்டிக்கொண்டிருக்கும் மனிதனிடம் இதைச் சொல்கிறான். நாவலிலேயே மிகக் கொடூரமான இடம் இதுதான் என்பது என் எண்ணம், ஒரு சொட்டு ரத்தம் இல்லாவிட்டாலும்.

மூன்றாவது சாட்சி சலவைக் கடை. அதற்கு வரும்போதுதான் வண்ணாரப்பேட்டைக்காரர் வாயைத் திறந்தார்.

கறை

பேட்மேன் ரத்தக்கறை படிந்த துணிகளை ஒரு சீனக் கடையில் சலவைக்குப் போடுகிறான். கறை போகவில்லை என்று கத்துகிறான். கடையிலிருப்பவர்கள் தங்கள் பாஷையில் படபடவென்று ஏதோ சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண் வந்து கறையைப் பார்த்துவிட, ஜூஸ், கீஸ் என்று உளறிச் சமாளிக்கிறான். பெரும்பாலானோர் இதைச் சிரிப்புக் காட்சியாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

லாண்டரிக்காரர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். ஜூஸ் கறையும் ரத்தக் கறையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பழக்கறைக்குத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொதிக்கிற தண்ணீரை மேலிருந்து ஊற்றுவார்கள், விட்டுப்போகும். ரத்தத்துக்கு அதைச் செய்தால் தொலைந்தது. ரத்தத்தில் இருக்கிற புரதம் சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எதைப் போட்டாலும் பழுப்பு வளையம் நிற்கும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், ஒரு பிடி உப்பு, ஊறல், கசக்காமல் அலசல். அதுவும் காய்வதற்கு முன். காய்ந்துவிட்டால் அந்த இடம் மட்டும் மொடமொடவென்று நிற்கும், தொட்டாலே தெரியும். அதனால் துணி வாங்கும்போதே எது என்ன கறை என்று பார்த்துத் தனியாகப் போட வேண்டும். தப்பாகப் பார்த்தால் துணி போச்சு, துணிக்கு விலையும் நாம்தான் கொடுக்கணும். “பாத்தவுடனே தெரிஞ்சிரும் தோழர். கேக்கத்தான் மாட்டோம்.”

கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுக்கக் குடியமர்த்தப்பட்டவர்களால் பெயர் பெற்ற பேட்டையிலிருந்து இந்த வாக்கியம் வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் காட்சியைச் சிரிப்பாகப் படிக்க முடியவில்லை. கடைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? நாவலில் அது இல்லை. பேட்மேனுக்கு அந்த மொழி தெரியாது, அவனுக்குத் தெரியாதது பக்கத்தில் வராது. கொலைக்கு நேர்ச் சாட்சி சொல்லக்கூடிய ஆட்கள் வாய் கிழியப் பேசுகிறார்கள்; கதைசொல்லிக்குப் புரியாத பாஷையில் பேசுகிறார்கள். எல்லிஸ் இதைத் திட்டமிட்டு வைத்தாரா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஓட்டை அங்கே இருக்கிறது.

துறைமுகக்காரர் இந்த இடத்தில் கொஞ்சம் சூடானார். வடசென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும் என்று சினிமா எடுக்கிறார்கள். ஒரு கைலி கட்டினவன் நாலு பேரை வெட்டினால் அதை மண்ணின் யதார்த்தம் என்று எழுதுகிறார்கள், ஒருத்தரும் இது அந்த ஆளின் மனப்பிராந்தியாக இருக்குமோ என்று கேட்பதில்லை. “கோட்டு போட்டவன் நானே வெட்டினேன்னு சொன்னாலும், ஐயோ பாவம், கற்பனைங்கறாங்க. கைலி கட்டினவன் நான் வெட்டலன்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்க.” புத்தகத்தைக் குப்பை என்றவர்தான் இதைச் சொன்னார். தான் நாவலின் நடு நரம்பைத் தொட்டுவிட்டது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. ஏனென்றால் நாவலுக்குள் வக்கீல் செய்வது இதைத்தான்: வாக்குமூலத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, அந்த மாதிரி ஆள் இந்த மாதிரி காரியம் செய்ய மாட்டான் என்று சிரிப்பது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை அங்கதக் கட்சிக்காரரே வைத்தார். டாக்ஸிக்காரரையும் நமக்குச் சொல்வது பேட்மேன்தானே? சலவைக் கடையும் ஆலும் அவன் வாய் வழியாகத்தானே வருகிறார்கள்? உண்மை. ஏடிஎம் இயந்திரம் தன்னிடம் பூனை கேட்டது என்று சொல்கிறவன் அவன். பூங்கா பெஞ்சு ஒன்று ஆறு தெரு தூரம் தன்னைப் பின்தொடர்ந்தது என்று சொல்கிறவன். ஆனால் வக்கீலும் அதே வாய் வழியாகத்தான் வருகிறார். சந்தேகப்பட்டால் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டும். வக்கீல் சொன்னால் ஆதாரம், டாக்ஸிக்காரர் சொன்னால் பிரமை என்று பிரிக்கும்போது அந்தக் கோடு நாவலில் இல்லை, நாம் போடுவது.

மறுபடி படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை. ஒரு நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: பக்க எண், அவன் செய்ததாகச் சொல்வது, வேறு யார் பார்த்தார்கள், அவர்கள் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, ஓவன் கொலையை மட்டும் குறித்துக்கொள்வது. நாலாவது பத்திதான் முக்கியம். ஹோட்டலிலும் கிளப்பிலும் அது தப்புப் பெயர்களால் நிரம்பும். அவன் தெருவிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வரும் பெண்ணுக்கோ பெயரை அவனே வைக்கிறான். அவள் பெயர் என்னவென்று கடைசிவரை நமக்குத் தெரியாது.

‘ஆம்’ என்ற ஒட்டு

இந்த நாவலைத் தமிழில் கொண்டுவர யாராவது முனைந்தால் மொழி இரண்டு இடத்தில் கை கொடுக்கும், கழுத்தையும் பிடிக்கும். போலீஸ் துரத்தும் அத்தியாயத்தில் ‘நான்’ என்று ஓடிக்கொண்டிருப்பவன் பாதி வழியில் ‘பேட்ரிக்’ ஆகிவிடுகிறான். ஆங்கிலத்தில் மாறுவது பெயரும், வினையின் கடைசியில் ஒட்டும் ஒரு ‘s’-உம்தான். அவசரமாகப் படிப்பவர் கவனிக்காமலே போகலாம். தமிழில் ஓடுகிறேன், சுடுகிறேன் என்பதெல்லாம் ஓடுகிறான், சுடுகிறான் என்று ஒவ்வொரு வினையின் வாலும் மாறும். மறைக்கவே முடியாது. அந்த நழுவல் தமிழில் கூடுதல் சத்தத்தோடு நடக்கும்.

இன்னொன்று ‘ஆம்’. வந்தான் என்றால் நான் பார்த்தேன். வந்தானாம் என்றால் யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையதல்ல. அதைத் தன்மை வினையில் ஒட்டினால் வேறொன்று நடக்கும்: “நான் அவளைத் திட்டினேனாம்” என்று ஒருவர் சொன்னால் அவர் மறுக்கிறார் என்று அர்த்தம். பேட்மேன் தன் வாயால் ஒரு தடவைகூட ‘வெட்டினேனாம்’ என்று சொல்வதில்லை, வெட்டுகிறேன் என்றுதான் சொல்கிறான். ‘ஆம்’ போடுவது சுற்றியிருக்கிறவர்கள்: பேட்மேன் வெட்டினானாம், கேட்டீங்களா!

தாண்டிய பக்கங்கள்

இவ்வளவும் நாவலுக்குச் சாதகமாகத் தெரியும். பக்கங்களைத் தாண்டிய அந்தப் பெண், பெரம்பூரில் பள்ளி ஆசிரியை, கடைசியாகப் பேசினார். வன்முறை அத்தியாயங்களின் தலைப்பே எச்சரிக்கும், அதனால் தாண்டுவது சுலபம். அப்படித் தாண்டியதை ஒரு கறுப்பு கிளிப் போட்டுக் கட்டிவைத்திருந்தார். அவருடைய வாதம்: “நீங்க சொன்ன டாக்ஸி, லாண்டரி, வக்கீல், ஃப்ளாட்டு எல்லாம் நானும் படிச்சேன். எனக்கு ஒண்ணும் குறையல. குறையலன்னா அந்தப் பக்கத்தையெல்லாம் எதுக்கு எழுதினான்?”

பேட்மேன் உணர்ச்சியற்றவன் என்பதைக் காட்ட என்று மாணவர் சொன்னார். ஓவனைக் கொல்வதும் உணர்ச்சியில்லாமல்தானே, அது சில பக்கத்திலேயே முடிந்துவிடுகிறதே என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். பெண்கள் சாகும்போது மட்டும் எழுத்தாளனுக்கு ஏன் அவ்வளவு விவரம், அவ்வளவு நேரம்? படத்தை எடுத்த மேரி ஹாரனும் அவரோடு திரைக்கதை எழுதிய கினிவீர் டர்னரும் அந்தக் காட்சிகளில் பெரும்பகுதியைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அங்கதம் அப்படியே நின்றது. இந்தக் கேள்விக்கு அங்கதக் கட்சியிடம் பதில் இல்லை. வாசகரைக் குமட்ட வைப்பதே நோக்கம் என்பார்கள். முதல் முறை குமட்டும், நாலாவது முறை அதுவும் பிராண்டுப் பட்டியல் ஆகிவிடும், அதுதான் பாயின்ட் என்பார்கள். அந்தப் பாயின்டை இரண்டு முறையில் சொல்லியிருக்கலாம். சாட்சிகளை இவ்வளவு நுணுக்கமாக அடுக்கத் தெரிந்த கை, இங்கே மட்டும் அளவு தெரியாமல் போனது என்றுதான் நான் நினைக்கிறேன். நாவலை மதிப்பதும் இந்தப் பக்கங்களை மன்னிக்காமல் இருப்பதும் ஒரே வாசகருக்குள் இருக்கலாம்.

பிரதி இப்போது ஆறாவது ஆளுக்குப் போகிறது, வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறவர். கழன்ற தாள்களை லாண்டரிக்காரர் மைதா பசை தடவி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கிளிப்பை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு ஆசிரியை வேண்டாம் என்றார். எது எங்கே இருக்கிறது என்று மேலே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செருகியிருக்கிறார். டாக்ஸி அத்தியாயத்தின் பக்க எண்ணையும் அதே சீட்டில் எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறார்.